மலைப் புல்வெளியின் ஊதா ஆர்க்கிட்: சாட்டிரியத்தைக் கண்டுபிடிக்க, பதிவு செய்ய, காப்பாற்ற

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் ஆர்க்கிட் பார்க்க வருகிறவர்கள் சோலைக்காட்டுக்குள் நுழைந்து மரக்கிளைகளை அண்ணாந்து பார்க்கிறார்கள். சாட்டிரியம் நேபாலென்ஸ் அங்கே கிடைக்காது. அது மண்ணில் வேர்விட்டு, மரநிழல் இல்லாத திறந்த புல்வெளியில் வளரும் தரை ஆர்க்கிட். இமயமலையிலிருந்து மேற்குத் தொடர்ச்சி மலை, இலங்கை வரை பரவியிருக்கிறது. இந்தப் பேரினத்தின் மற்ற உறவுகளில் பெரும்பாலானவை ஆப்பிரிக்காவில்தான் இருக்கின்றன. நம் மலைகளில் இது நிலைத்திருப்பதற்கு ஒரே காரணம், மரம் நடாமல் விட்ட புல்வெளிகள் இன்னும் கொஞ்சம் மிச்சமிருப்பதுதான். ஆகவே இந்தப் பூவைத் தேடுவது என்பது முதலில் நல்ல புல்வெளியைத் தேடுவது.

எப்போது போவது

பூக்காலம் பொதுவாக ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை. ஆனால் மலைக்கு மலை, சரிவுக்குச் சரிவு மாறும். மேற்கு நீலகிரியில் அவலாஞ்சி, அப்பர் பவானி, முக்குருத்தி பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும் பகுதி. அங்கே ஆகஸ்ட் கடைசியிலிருந்து அக்டோபர் வரை பார்க்கலாம். கொடைக்கானல் இருக்கும் பழனி மலையின் மேல்தட்டில், அதாவது பேரிஜம், மன்னவனூர், பூம்பாறை, கூக்கால் வட்டாரத்தில், செப்டம்பர், அக்டோபரை முதலில் குறிவையுங்கள். வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் நவம்பரிலும் பூ நிற்கும். மழை முன்பின் ஆனால் பூவும் இரண்டு வாரம் முன்பின் ஆகும். அதனால் ஒரே ஒரு நாளை மட்டும் குறித்துக்கொண்டு போனால் ஏமாற வாய்ப்பு அதிகம்.

மேற்கு நீலகிரியில் ஆகஸ்ட் முதல் பாதியைத் தவிர்த்துவிடுங்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை பெய்தது. அந்தப் பருவத்தில் சாலை சரியும், மரம் விழும். ஏறிவிட்டாலும் மூடுபனியில் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாது.

மற்ற மாதங்களில் செடி என்ன செய்கிறது என்பதையும் தெரிந்துகொண்டால் தேடுவது எளிது. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும்போது இலையும் தண்டும் காய்ந்து மறைந்துவிடும். உயிர் முழுக்க மண்ணுக்கடியில், கிழங்கில் இருக்கும். கோடை மழை மண்ணை நனைத்த பிறகு இலை எழும். ஜூன், ஜூலையில் தரையோடு ஒட்டிய இரண்டு மூன்று இலைகள் மட்டும் தெரியும். பூக்காலத்துக்கு முன்பே ஒருமுறை போய் இந்த இலைகளைப் பார்த்துப் பழகியவர்கள் பூக்காலத்தில் செடியை மிதிக்க மாட்டார்கள். அதற்காகவே அந்தப் பயணம் தகும்.

போவதற்கு முன்

வெளியூர்க்காரர்கள் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வாகனத்தில் வர இ-பாஸ் வேண்டும். 2024 மே 7 முதல் நடைமுறையில் இருக்கிறது. பேரிஜம் போக வனத்துறை அனுமதி தனி. முக்குருத்தி தேசியப் பூங்கா. கொடைக்கானல் பகுதியில் பெரும்பரப்பு 2013 முதல் வனவிலங்குச் சரணாலயம். இரண்டிலும் அனுமதி இல்லாமல் சாலையை விட்டு இறங்கக்கூடாது. சாலையோரச் சரிவுகளிலேயே இந்தச் செடி வளர்வதால், புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு அது போதும்.

காட்டுமாடுதான் உண்மையான அபாயம். மூடுபனியில் இருபது அடி கிட்டே வரும்வரை தெரியாது. தனியாக நிற்கும் கிழட்டுக் காளை என்றால் வந்த வழியே திரும்பிவிடுங்கள். பேரிஜம், அப்பர் பவானி பக்கம் யானையும் உண்டு. காலை எட்டு மணிக்கு மேல், கூட ஒருவரை வைத்துக்கொண்டு, பனி விலகிய பிறகு இறங்குவது நல்லது. சோலை ஓரம் போவதானால் அட்டைக்கு நீளமான காலுறை வேண்டும். நடுப் புல்வெளியில் அட்டைத் தொல்லை குறைவு.

சரிவைப் படிப்பது எப்படி

நம் உயர்மலையில் பள்ளங்களிலும் மடிப்புகளிலும் சோலை, மேடுகளிலும் சரிவுகளிலும் புல் என்பதுதான் இயற்கையான அமைப்பு. சாட்டிரியம் பெரும்பாலும் இவை இரண்டுக்கும் நடுவிலுள்ள சரிவில் இருக்கும். மேட்டின் உச்சியில் மண் மெலிந்து சீக்கிரம் காயும், கிழங்கு தாங்காது. பள்ளத்தின் அடியில் தண்ணீர் தேங்கும் சதுப்பு, அங்கே கிழங்கு அழுகும். நடுச்சரிவில் மழைக்குப் பிறகும் இரண்டு நாள் ஈரம் கசிந்துகொண்டிருக்கும், ஆனால் தேங்காது. அந்த இடத்தில்தான் பார்க்க வேண்டும்.

நல்ல இடத்துக்கு அடையாளம் அங்கே கூடவே வளரும் செடிகள். புல் கொத்துக் கொத்தாக, முழங்கால் உயரத்துக்குள் இருக்க வேண்டும். கொத்துகளுக்கு நடுவே கறுத்த மண்ணும் பாசியும் தெரிய வேண்டும். ஈரமான இடத்தில் பூச்சி பிடிக்கும் டுரோசெரா, சின்னச் சின்ன காசித்தும்பை வகைகள், வெள்ளைப் பூ ஹபினேரியா ஆர்க்கிட்கள் இருந்தால் மெதுவாக நடங்கள். குறிஞ்சிப் புதர் உள்ள சரிவுகளின் இடைவெளிகளையும் விடாதீர்கள். மாறாக, தரை முழுக்கப் பாய் விரித்ததுபோல் கிக்குயு புல் மூடியிருந்தால் நேரத்தை வீணாக்க வேண்டாம். அந்தப் பின்னலுக்குள் விதை மண்ணைத் தொடவே முடியாது. சீகை மரம் (வாட்டில்), கற்பூர மரம், பைன் ஆகியவற்றின் நிழலிலும் தேட வேண்டியதில்லை. ஆனால் அந்தத் தோப்புகளின் ஓரத்திலும், மின்கம்பிக்குக் கீழே வெட்டி விட்ட பட்டையிலும், பாறை இருப்பதால் மரம் நடாமல் விட்ட மேட்டிலும் பழைய புல்வெளியின் துண்டு பிழைத்திருக்கும். பழனி மலையில் பல இடங்களில் இப்போது இதுதான் நிலைமை.

அடையாளம் காண்பது

தூரத்திலிருந்து, புல்லுக்கு மேலே நிமிர்ந்து நிற்கும் ஒற்றைத் தண்டும், அதன் உச்சியில் நெருக்கமாக அடுக்கிய பூக்கதிரும் தெரியும். உயரம் 15 செ.மீ. முதல் 60 செ.மீ. வரை. நிறம் வெளிறிய ரோஜாவிலிருந்து அழுத்தமான ஊதா வரை போகும். எப்போதாவது வெள்ளையும் உண்டு. நிறத்தை மட்டும் நம்பிப் பெயர் சொல்லக்கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

கிட்டே போய்க் குனிந்து ஒரு பூவை மட்டும் பாருங்கள். மேல்புறம் குல்லாய்போல் கவிந்த ஒரு இதழ். அதுதான் உதட்டிதழ். குல்லாயின் பின்புறத்திலிருந்து இரண்டு மெல்லிய குழல்கள் கிளம்பி, சூலகத்தின் (பூவுக்கு அடியில் பின்னால் காயாகும் பகுதி) இரு பக்கமும் ஒட்டினாற்போல் கீழே இறங்கும். தேன் அதற்குள்தான் இருக்கிறது. மற்ற ஐந்து சின்ன இதழ்களும் குல்லாய்க்குக் கீழே பின்பக்கமாகச் சுருண்டிருக்கும். பெரும்பாலான ஆர்க்கிட்களில் மொட்டு விரியும்போது பூ 180 பாகை திரும்பி உதட்டிதழைக் கீழே கொண்டுவரும். சாட்டிரியத்தில் அந்தத் திருப்பம் நடப்பதில்லை. அதனால் சூலகத்தில் முறுக்கு இருக்காது, உதட்டிதழ் மேலேயே நின்றுவிடும். மேலே குல்லாய், பின்னால் இரட்டைக் குழல்: இந்த இரண்டும் இருந்தால் வேறு எதையும் பார்க்க வேண்டியதில்லை.

இன்னும் உறுதி வேண்டுமானால் ஒவ்வொரு பூவுக்கும் அடியில் இலைபோன்ற ஒரு செதில் கீழ்நோக்கி மடிந்திருக்கும். அது பூவைவிட நீளமாகவே இருக்கும். தண்டின் அடியில் இரண்டு மூன்று தடித்த, வழுவழுப்பான இலைகள். மேலே போகப்போக இலைகள் சிறுத்துத் தண்டைச் சுற்றிய உறைகளாகிவிடும். கீழ்ப் பூக்கள் முதலில் விரியும். வெயில் நேரத்தில் மூக்கைக் கிட்டே கொண்டுபோனால் இனிப்பான மணம் வரும்.

ஏமாற்றும் செடிகள் சில உண்டு. ஈரப் புல்வெளியில் பூக்கும் பெடிகுலாரிஸ் நிறத்திலும் குல்லாய் வடிவிலும் நன்றாகவே ஏமாற்றும். அதன் இலையைப் பாருங்கள். சீப்பின் பல் போல் ஆழமாக வெட்டுப்பட்டிருந்தால் அது ஆர்க்கிட் இல்லை. ஸ்பைராந்தஸ் ஒரு தரை ஆர்க்கிட்தான். ஆனால் பூக்கள் மிகச் சிறியவை, தண்டைச் சுற்றித் திருகாணிபோல் ஏறும், தேன்குழல் கிடையாது. சோலைக்குள் நிழலில் மடிப்பு மடிப்பான அகன்ற இலைகளோடு, நீளக் காம்பில் ஊதாப் பூவைக் கண்டால் அது கலாந்தே. அதற்கு உதட்டிதழ் கீழே, தேன்குழல் ஒன்றே ஒன்று. பூ வாடும்போது காவி நிறமாகும்.

இன்னொன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும்: பிராக்கிகோரிதிஸ் அயாந்தா. இதுவும் புல்வெளி ஆர்க்கிட், இதுவும் ஊதா. தண்டு நெடுக இலை, உதட்டிதழ் அகன்று கீழே தொங்கும். மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரியது, அரிதானது. சாட்டிரியம் தேடப் போய் இதைக் கண்டவர்கள் படம் எடுத்து மாவட்ட வன அலுவலகத்துக்கும் தாவரவியல் தெரிந்தவர்களுக்கும் தெரிவிக்க வேண்டும். இடத்தை மட்டும் பொதுவில் போடாதீர்கள்.

நடப்பதும் படம் எடுப்பதும்

பூத்து நிற்கும் ஒரு செடியைச் சுற்றி, பூக்காத இளஞ்செடிகள் ஒற்றை இலையோடு புல்லுக்குள் ஒளிந்திருக்கும். படம் எடுக்க முழங்கால் போடும் இடத்தில்தான் அவை நசுங்குகின்றன. பூவைத் தொடாமல் வந்தேன் என்று நிம்மதியாகப் போகிறவர் இரண்டு இளஞ்செடிகளை மிதித்துவிட்டுப் போயிருப்பார். ஆகவே பாறை, மாட்டுத்தடம் என ஏற்கெனவே மிதிபட்ட இடங்களில் கால் வையுங்கள். முழங்கால் வைக்கும் இடத்தை முதலில் கையால் தடவிப் பாருங்கள். ஒரு செடியிடம் ஒருவர் மட்டும் போகட்டும். குழுவாக வந்தால் மற்றவர்கள் சாலையிலேயே நிற்கட்டும்.

பின்னால் யாராவது உங்கள் படத்தை வைத்து இனத்தை உறுதிசெய்ய வேண்டுமானால் ஐந்து படங்கள் தேவை:

1. செடியும் சுற்றியுள்ள சரிவும் ஒன்றாகத் தெரிவது.
2. தண்டின் அடி, இலைகள் தெரியும்படி.
3. முழுப் பூக்கதிர், பக்கவாட்டில்.
4. ஒரே பூ, நேர் எதிரே. பக்கத்தில் சின்ன அளவுகோல்.
5. அதே பூ பின்புறமிருந்து, இரண்டு குழலும் தெரிய.

பலர் மூன்றாவதை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். இரண்டாவதும் ஐந்தாவதும் இல்லாமல் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

ஊதாவும் ரோஜாவும் கைபேசியில் வெளிறிப் போகும். நேர் வெயிலில் எடுத்தால் குல்லாயின் விளிம்பும் மடிப்பும் காணாமல் போய் ஒரே ரோஜாத் திட்டாகிவிடும். குடையால் நிழல் கொடுத்து, திரையில் பூவைத் தொட்டு, வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்து எடுங்கள். மறைக்கும் புல்லைப் பிடுங்கவோ ஒடிக்கவோ வேண்டாம். இடது கையால் விலக்கிப் பிடித்து, எடுத்ததும் விட்டுவிடலாம். உறைபனி விழும் இரவுகளில் அந்தப் புல்தான் செடிக்குப் போர்வை. புல்லை வெட்டிச் சுத்தம் செய்த செடி வழிப்போக்கர் கண்ணிலும் உடனே படும், பறிக்கப்படும்.

பதிவு

நோட்டில் எழுத வேண்டியவை: தேதி, உயரம், சரிவு எந்தத் திசையைப் பார்க்கிறது, மண்ணின் ஈரம், தண்டின் உயரம், இலை எத்தனை, விரிந்த பூ எத்தனை, மொட்டு எத்தனை, காய் எத்தனை. பக்கத்தில் சீகைக் கன்று இருக்கிறதா என்பதையும் எழுதுங்கள். பத்து வருஷம் கழித்து அந்த ஒரு வரிதான் மிகவும் பயன்படும்.

வருடாவருடம் எண்ண விரும்பினால் 10 மீட்டர் கயிற்றைச் சரிவின் குறுக்கே போட்டு, இரு பக்கமும் ஒவ்வொரு மீட்டர் அகலத்துக்கு எண்ணுங்கள். பூத்த தண்டுகள் தனி, இலை மட்டும் உள்ளவை தனி. கயிற்றின் தொடக்கத்தை நகராத பாறையிலிருந்து திசையும் காலடிகளும் சொல்லிக் குறிக்க வேண்டும். செடியில் ரிப்பன் கட்டினால் பறிக்கிறவருக்கு வழிகாட்டியதாகும். ஒரு வருடம் பூ குறைந்தால் அழிந்துவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள். தரை ஆர்க்கிட்கள் எல்லா வருடமும் பூப்பதில்லை. கிழங்கில் சேமிப்பு போதாத வருடம் இலையோடு நின்றுவிடும். இலை எண்ணிக்கையும் சேர்ந்து இறங்கினால்தான் கவலைப்பட வேண்டும்.

ஐநேச்சுரலிஸ்ட் போன்ற உயிரினப் பதிவுத் தளங்களில் ஏற்றும்போது இருப்பிடத்தை மறைத்துக் காட்டும் அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். அப்போது புள்ளி ஏறத்தாழ 20 கி.மீ. சதுரத்துக்குள் எங்கோ ஓரிடத்தில் காட்டப்படும், ஆய்வுக்கு அது போதும். வாட்ஸ்அப்பில் படத்தை டாக்குமெண்டாக அனுப்பினால் அதற்குள் ஜிபிஎஸ் புள்ளியும் சேர்ந்தே போகும். சாதாரணப் படமாக அனுப்பினால் போகாது. இந்த வழிகாட்டியிலும் வட்டாரம் சொல்லப்பட்டிருக்கிறதே தவிர எந்த மேடு, எந்த வளைவு என்று எழுதாததற்கு இதுவே காரணம்.

ஏன் தோண்டக்கூடாது

தோண்டிப் பார்த்தால் மண்ணுக்குள் இரண்டு கிழங்குகள் இருக்கும். ஒன்று போன வருடத்தது. இந்த வருட இலைக்கும் பூவுக்கும் உணவு கொடுத்துச் சுருங்கிக்கொண்டிருக்கும். மற்றொன்று அடுத்த வருடத்துக்கானது. பூ வாடிய பிறகும் இலைகள் சமைக்கும் உணவில்தான் அது நிரம்புகிறது. பூத்திருக்கும்போது தோண்டுகிறவர் காலியாகிக்கொண்டிருக்கும் ஒன்றையும் நிரம்பாத ஒன்றையும்தான் எடுத்துப் போகிறார். தொட்டியில் சில வாரம் பச்சையாக இருக்கும். அடுத்த மழைக்கு எழாது.

விதையிலிருந்து வளர்க்கலாம் என்றால் அதுவும் வீட்டில் நடக்காது. ஒரு காயில் தூசிபோல் எக்கச்சக்கமான விதைகள் இருக்கும், ஆனால் எதிலும் சேமித்த உணவு கிடையாது. மண்ணில் வாழும் குறிப்பிட்ட பூஞ்சை உள்ளே நுழைந்து ஊட்டினால்தான் முளைக்கும். அந்தப் பூஞ்சை உரமிட்ட தோட்ட மண்ணில் தங்காது. இமயமலைப் பகுதியில் இந்தக் கிழங்கை மருந்துக்காகத் தோண்டி விற்பதுண்டு. அந்தப் பழக்கம் இங்கே பரவ விடக்கூடாது.

சட்டமும் தெளிவாக இருக்கிறது. காப்புக்காட்டில் செடி எடுப்பது 1882ஆம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். தேசியப் பூங்காவிலும் சரணாலயத்திலும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் சேரும். ஊதா ஆர்க்கிட் வீட்டில் வேண்டும் என்கிறவர்கள் நர்சரியில் பெருக்கிய ஸ்பாத்தோகுளோட்டிஸ் என்ற தரை ஆர்க்கிட்டை வாங்கலாம். கொடையிலும் ஊட்டியிலும் அதை உறைபனியிலிருந்து காக்க வேண்டும். குன்னூர், கோத்தகிரி உயரத்தில் இன்னும் நன்றாக வரும்.

உங்கள் நிலத்தில் புல்வெளித் துண்டு இருந்தால்

தேயிலைத் தோட்டத்தின் மேல்முனையிலோ காய்கறி நிலத்தின் பாறை ஓரத்திலோ பழைய புல்வெளி மிச்சம் வைத்திருப்பவர்கள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது.

சீகைதான் முதல் எதிரி. அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். முழங்கால் உயரத்துக்குள் உள்ள கன்றுகளை நல்ல மழைக்கு மறுநாள் பிடுங்குங்கள். அடித்தண்டைப் பிடித்து நேர் மேலே இழுத்தால் வேரோடு வரும். காய்ந்த மண்ணில் இழுத்தால் கழுத்தில் ஒடியும், ஒடிந்த இடத்திலிருந்து மறுபடி துளிர்க்கும். மண்வெட்டியால் கொத்தி எடுக்காதீர்கள். கிளறிய மண்ணில் அடுத்த தொகுதி விதை முளைக்கும், ஆர்க்கிட் கிழங்கும் வெட்டுப்படும். பெரிய மரமானால் தரையோடு வெட்டி, அடிக்கட்டையின் பட்டையை மண்மட்டம் வரை உரித்துவிட வேண்டும். பட்டை கொஞ்சம் விட்டாலும் அங்கிருந்து தழைக்கும். வெட்டுவதற்கு முன் அனுமதி கேளுங்கள். மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் 1955 சொந்த நிலத்துக்கும் பொருந்தும். மரம் போன முதல் மழையில் கன்றுகள் கூட்டமாக முளைக்கும். அப்போது சலித்துப்போய் விட்டுவிடுகிறவர்களின் நிலம் முன்பைவிட மோசமாகிறது. அடுத்து வரும் வருடங்களில் வருடம் ஒருமுறையாவது பிடுங்க முடியும் என்கிற அளவுக்கு மட்டும் மரத்தை எடுங்கள்.

தீ வைக்காதீர்கள். நீலகிரிப் பழங்குடிகளான தோடர்கள் எருமை மேய்த்து, பருவம் பார்த்துப் புல்லை எரித்த காலத்தில் மண்ணுக்கடியில் சீகை விதை இல்லை. இன்று தீயின் சூடு அந்த விதையின் கெட்டித் தோலை உடைத்து முளைக்கவைக்கும்.

புல் அறுக்க வேண்டியிருந்தால் ஜனவரி முதல் மார்ச்சுக்குள், காய் வெடித்து விதை பறந்த பிறகு, தரையிலிருந்து நான்கு விரற்கடை விட்டு அறுக்கலாம். ஜூனிலிருந்து டிசம்பர் வரை கத்தியே வைக்கக்கூடாது. ஒன்றிரண்டு மாடு மேய்வது கெடுதல் இல்லை, புல் தணிந்து வெளிச்சம் கிடைக்கும். ஒரே இடத்தில் கட்டிப்போட்டால் குளம்பும் சாணமும் சேர்ந்து கிக்குயு புல்லுக்கு வழிவிடும்.

மேலே கேரட், உருளைக்கிழங்குப் பாத்தி இருந்தால் அங்கே போடும் சுண்ணாம்பும் உரமும் மழையில் சரிந்து இறங்கும். இந்தச் செடி புளித்த (அமிலத்தன்மையுள்ள), சத்துக் குறைந்த மண்ணுக்குப் பழகியது. பாத்திக்கும் புல்வெளிக்கும் நடுவே ஒரு அடி ஆழ வாய்க்கால் எடுத்து, தண்ணீரைப் பக்கவாட்டில் திருப்பிவிடுங்கள். பூஞ்சைக்கொல்லி தெளிக்கும் நாளில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பாருங்கள்.

சாலை அகலப்படுத்தவோ கட்டடத்துக்கோ அந்த இடம் போகப் போகிறது என்று தெரிந்தால், பொக்லைன் வருவதற்கு முன்பே வனத்துறைக்கு எழுதுங்கள். அனுமதி கிடைத்து இடம் மாற்றுவதானால் பூக்காலத்திலேயே செடிகளின் இடத்தைக் குறித்துவைத்து, இலை காய்ந்த பிறகு, தோண்ட வேண்டும். கிழங்கை மட்டும் எடுக்காமல் ஒரு அடி அகலம், முக்கால் அடி ஆழத்துக்குப் புல்லோடு மண்கட்டியாகப் பெயர்த்து, அதே உயரத்தில், அதே திசை பார்த்த புல்வெளிச் சரிவில் அன்றே பதிக்க வேண்டும். கட்டியைச் சுற்றி இடைவெளி விட்டால் வேர் காய்ந்துவிடும். அங்கிருந்தே எடுத்த மண்ணால் அடைத்துக் கையால் அழுத்திவிடுங்கள். உரம், மண்புழு உரம், தென்னை நார் எதுவும் சேர்க்க வேண்டாம்.